முள்ளங்கியும் கோதுமையும் ஒரே தொட்டியில்: செடிகளின் போட்டியை அளப்பது எப்படி?

செடிகளுக்குள் நடக்கும் போட்டியைப் பற்றி ஒரு சோதனை செய்யச் சொன்னால், பெரும்பாலான மாணவர்கள் முதலில் செய்வது ஒன்றுதான். ஒரு தொட்டியில் நான்கு விதை, இன்னொன்றில் நாற்பது விதை. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் நெருக்கமாக விதைத்த தொட்டியில் செடிகள் மெலிந்து நிற்கும். போட்டி இருக்கிறது என்று எழுதிவிடலாம், அதில் தவறில்லை. ஆனால் போட்டி எதற்காக, யாருடன், எவ்வளவு என்று கேட்டால் அந்தத் தொட்டிகளிடம் பதில் கிடையாது.

இரண்டு இனங்களைச் சேர்த்து வளர்க்கும்போதுதான் விஷயம் சூடுபிடிக்கிறது. சறுக்குவதும் அங்கேதான். முள்ளங்கியையும் கோதுமையையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் சீக்கிரம் முளைக்கும், இலையைப் பார்த்தாலே எது எது என்று தெரியும், நாலைந்து வாரத்தில் எடை போடும் அளவுக்கு வளர்ந்துவிடும். ஒரு தொட்டியில் நான்கு முள்ளங்கி மட்டும். அடுத்ததில் நான்கு முள்ளங்கியோடு நான்கு கோதுமை. இரண்டாவது தொட்டியில் முள்ளங்கி இளைத்துவிட்டது என்று வையுங்கள். காரணம் கோதுமையா, அல்லது நான்கு செடி இருந்த இடத்தில் எட்டுச் செடி வந்துவிட்டதா? கோதுமைக்குப் பதிலாக இன்னும் நான்கு முள்ளங்கியை நட்டிருந்தாலும் இதே அளவு இளைத்திருக்கலாம். ஏன், இன்னும் மோசமாகக்கூட ஆகியிருக்கலாம். தன் இனத்துச் செடிக்கும் தனக்கும் தேவைகள் அப்படியே ஒன்றுதானே.

நெதர்லாந்து விஞ்ஞானி சி. டி. டி விட் 1960இல் விரிவாக எழுதிய முறை இதற்குத்தான் கைகொடுக்கிறது. தொட்டியில் உள்ள மொத்தச் செடிகளின் எண்ணிக்கையை மாற்றக் கூடாது, விகிதத்தை மட்டும் மாற்ற வேண்டும். எட்டும் முள்ளங்கி, அப்புறம் ஆறுக்கு இரண்டு, நான்குக்கு நான்கு, இரண்டுக்கு ஆறு, கடைசியில் எட்டும் கோதுமை. இப்போது எல்லாத் தொட்டியிலும் நெரிசல் ஒன்றே. மாறுவது பக்கத்துச் செடி யார் என்பது மட்டும்.

கணக்கும் எளிதுதான். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எட்டு முள்ளங்கி இருக்கும் தொட்டியில் மொத்த எடை 16 கிராம், எட்டு கோதுமை இருக்கும் தொட்டியில் 8 கிராம். பக்கத்தில் இருப்பது யார் என்பது ஒரு பொருட்டே இல்லை என்றால், நான்குக்கு நான்கு தொட்டியில் முள்ளங்கி 8 கிராமும் கோதுமை 4 கிராமும் தர வேண்டும், அதாவது ஒவ்வொன்றும் தனியாக வளர்ந்தபோது தந்ததில் பாதி. ஆனால் தராசு 12 என்றும் 2 என்றும் காட்டுகிறது. முள்ளங்கியின் பங்கு 16இல் 12, அதாவது 0.75. கோதுமையின் பங்கு 8இல் 2, அதாவது 0.25. இரண்டையும் கூட்டினால் சரியாக 1. முள்ளங்கிக்குக் கூடுதலாகக் கிடைத்ததும் கோதுமை இழந்ததும் ஒரே அளவு. இரண்டும் ஒரே வளத்துக்கு மல்லுக்கட்டியிருக்கின்றன என்பதற்கு இது நல்ல அடையாளம். கூட்டுத்தொகை 1ஐத் தாண்டினால், இரண்டும் முழுக்க ஒரே பாத்தியத்துக்குச் சண்டை போடவில்லை என்று சந்தேகிக்கலாம். ஒன்றின் வேர் ஆழத்திலும் மற்றதன் வேர் மேலாகவும் ஓடலாம். அல்லது ஒன்று பயறு வகையாக இருந்து, வேர்முடிச்சுப் பாக்டீரியா மூலம் காற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்துக்கொள்ளலாம். 1க்குக் கீழே போனால் இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்கின்றன.

இந்த முறைக்கு விமர்சகர்களும் உண்டு, அவர்கள் சொல்வது நியாயம்தான். கிடைக்கும் விடை, எட்டு என்று நாம் தேர்ந்தெடுத்த எண்ணோடு கட்டுண்டது. பெரிய தொட்டியில் எட்டே செடி இருந்தால் அவை ஒன்றையொன்று கவனிக்கக்கூட மாட்டா. அதனால் முதலில் ஓர் இனத்தை மட்டும் 1, 2, 4, 8, 16 என்று நட்டுப் பார்ப்பது நல்லது. 1953இல் ஜப்பானில் கிராவும் அவருடைய சகாக்களும் காட்டியது இங்கே உதவும்: செடிகளைக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் எல்லைக்கு மேல் மொத்த எடை கூடுவதில்லை, செடிகள் சிறுத்துக்கொண்டே போகும். வரைபடம் அப்படித் தட்டையாகும் இடத்துக்குப் பக்கத்தில் உங்கள் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். களை வந்தால் பயிர் எவ்வளவு இழக்கும் என்பதுதான் கேள்வி என்றால், பயிரை அப்படியே வைத்துக் களையை மட்டும் கூட்டும் பழைய முறையே பொருத்தம். கேள்வியை முடிவு செய்யாமல் தொட்டி வாங்கப் போகாதீர்கள் என்பேன்.

ஒரு தொட்டியில் எட்டுச் செடி இருப்பதால் எட்டு அளவீடுகள் கிடைத்துவிட்டன என்று எண்ணுவது அடுத்த சறுக்கல். அந்த எட்டும் ஒரே மண்ணில், ஒரே தண்ணீரில், ஒன்றையொன்று பாதித்துக்கொண்டு வளர்ந்தவை. தொட்டிதான் அலகு, எட்டுச் செடிக்கும் சேர்த்துப் புள்ளிவிவரத்தில் ஒரே ஒரு மதிப்பு. இந்தப் போலி எண்ணிக்கை சூழலியல் ஆய்வுகளில் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று ஹர்ல்பர்ட் 1984இல் காட்டியபோது, தொழில்முறை ஆய்வாளர்களே சிக்கினார்கள். ஐந்து கலவைக்கும் ஐந்தைந்து தொட்டி, மொத்தம் 25 என்று வைத்துக்கொண்டால் மாணவர் சோதனைக்கு ஓரளவு நம்பகமாக இருக்கும்.

அந்த 25ஐ எங்கே வைப்பது? சன்னலோரம் வெளிச்சம் அதிகம், உள்ளே போகப்போகக் குறையும். முள்ளங்கித் தொட்டிகளையெல்லாம் சன்னலோரம் வைத்துவிட்டால் நீங்கள் அளப்பது சன்னலைத்தான். இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1919இல் சேர்ந்த ஆர். ஏ. ஃபிஷர், வயலில் ஒரு மூலைக்கு ஒரு மூலை வளம் வேறுபடும் தொல்லைக்கு வகுத்த வழி இங்கேயும் பலிக்கும். சன்னலுக்கு இணையாக ஐந்து வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து கலவையிலும் ஒவ்வொரு தொட்டி, வரிசைக்குள் எது எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யுங்கள். கண்ணால் பார்த்து ‘கலந்து’ வைப்பது போதாது. கை தன்னை அறியாமலே நல்ல செடிக்கு நல்ல இடம் கொடுத்துவிடும்.

எல்லா விதையையும் ஒரே நாளில் விதைக்க வேண்டும். ஒவ்வொரு குழியிலும் இரண்டு விதை போட்டு, முளைத்ததும் ஒன்றைப் பிடுங்கிவிடலாம். இதில் கறாராக இருக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தண்ணீருக்கும் சத்துக்கும் நடக்கும் போட்டியில் வேர் ஏறத்தாழ அதன் அளவுக்கு ஏற்ற பங்கைப் பெறும். வெளிச்சம் அப்படியல்ல, அது மேலிருந்து வருவது. ஒரு விரற்கடை உயர்ந்துவிட்ட இலை தன் பங்கை மட்டுமின்றிக் கீழே உள்ளதன் பங்கையும் மறித்துவிடும். போதாக்குறைக்கு, பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டுத் தொலைசிவப்பு ஒளியை, அதாவது சிவப்பையும் தாண்டிய, நம் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாத ஒளியை, திருப்பி அனுப்பும். பக்கத்துச் செடி ஃபைட்டோகுரோம் என்ற நிறமி மூலம் இதை உணர்ந்து, நிழல் விழுவதற்கு முன்பே தண்டை நீட்டத் தொடங்கிவிடும். ஆக, இரண்டு நாள் முந்தி முளைத்த செடி ஜெயித்தால், அது இனத்தின் வெற்றியா நாளின் வெற்றியா என்று பிரிக்க முடியாது.

அறுவடையில் உயரத்தை மட்டும் அளந்து நிறுத்திவிடாதீர்கள். நிழலில் நீண்ட செடி உயரமாக இருக்கும், ஆனால் உள்ளே சரக்கு இருக்காது. உலர் எடைதான் சரி: 70 டிகிரி செல்சியஸ் சூட்டில், எடை மேற்கொண்டு குறையாத வரை உலர்த்திவிட்டு நிறுக்க வேண்டும். கலந்து வளர்ந்த வேர்களைப் பிரிப்பது பெரும்பாடு என்பதால் பலரும் மண்ணுக்கு மேலே உள்ளதை மட்டும் நிறுப்பார்கள். முள்ளங்கி விஷயத்தில் அது அநியாயம். அது சேர்த்ததில் பெரும்பங்கு கீழே கிழங்கில் இருக்கும். நல்லவேளையாக அதைப் பிடுங்கிக் கழுவுவது எளிது.

நேரமும் தொட்டியும் மிச்சமிருந்தால் மண்ணையும் மாற்றிப் பாருங்கள். 1917இல் இங்கிலாந்துத் தாவரவியலாளர் டான்ஸ்லி வெளியிட்ட ஆய்வில் காலியம் என்ற சிறு பூண்டுச் செடிப் பேரினத்தின் இரண்டு இனங்கள் இருந்தன. ஒன்று இயற்கையில் அமில மண்ணில் வளர்வது, மற்றது சுண்ணாம்பு மண்ணில் வளர்வது. தனியாக விட்டால் இரண்டாலும் இரண்டு மண்ணிலும் பிழைக்க முடிந்தது. சேர்த்து வளர்த்தபோது அந்தந்த மண்ணுக்கு உரியது மற்றதை அமுக்கியது. உங்கள் முள்ளங்கியும் உரமிட்ட மண்ணில் ஜெயித்துவிட்டு, சத்தில்லாத மணலில் தோற்கலாம்.

சண்டை வேரிலா இலையிலா என்று பிரித்தறிய, 1958இல் ஆஸ்திரேலியாவின் டொனால்ட் இரண்டு புல்லினங்களை வைத்துச் செய்ததுபோல் தடுப்பு வைக்கலாம். மண்ணுக்குள் மட்டும் தடுப்பு, மேலே மட்டும், இரண்டிலும், எதுவுமே இல்லை என்று நான்கு விதம். வேரில் தோற்றதற்கு இலை சிறுக்கும், இலை சிறுத்தால் வெளிச்சத்திலும் தோற்கும். அதனால் இரண்டு போட்டியும் சேரும்போது இழப்பு வெறும் கூட்டலாக இருக்க வேண்டியதில்லை. மேலே வைக்கும் தட்டி சன்னலை நோக்கி நீளவாக்கில் இருக்கட்டும். குறுக்கே வைத்தால் பின்பக்கத்துச் செடி, போட்டியே இல்லாமலும் நாள் முழுக்க நிழலில் கிடக்கும்.