சாம்பல் அட்டை என்ன செய்கிறது?

குண்டு பல்பு வெளிச்சத்தில் ஒரு வெள்ளைச் சட்டை நமக்கு வெள்ளையாகத்தான் தெரிகிறது. கேமராவில் எடுத்தால் மஞ்சளடித்து வருகிறது. பொய் சொல்வது கேமரா அல்ல. அந்தச் சட்டையிலிருந்து வரும் ஒளி நிஜமாகவே ஆரஞ்சு கலந்ததுதான். நம் கண்ணின் மூன்று வகைக் கூம்பு செல்களும் சூழலின் ஒளிக்கேற்பத் தனித்தனியே உணர்திறனைக் கூட்டிக் குறைத்துக்கொள்வதால் நமக்கு அது உறைப்பதில்லை. 1902-லேயே ஃபான் கிரீஸ் என்ற ஜெர்மானியர் முன்வைத்த விளக்கம் இது. கேமராவுக்கு அந்த வேலையைக் கணக்காகச் செய்துகொடுப்பதுதான் சாம்பல் அட்டை, அதாவது படமெடுக்கும் இடத்தில் பிடித்துப் படத்தில் பதிவுசெய்யும் சாம்பல் நிற அட்டை.

நல்ல அட்டை சிவப்பு, பச்சை, நீலம் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் திருப்பி அனுப்பும். எனவே படத்தில் அதன்மீது ஏதாவது சாயல் தெரிந்தால், அது அட்டையுடையது அல்ல, வெளிச்சத்துடையது.

ஒரு எடுத்துக்காட்டு. பல்பு வெளிச்சத்தில் எடுத்த ரா கோப்பில் (சென்சார் பதிந்த எண்களை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) அட்டையின் மதிப்புகள் சிவப்பு 800, பச்சை 1000, நீலம் 400 என்று வைத்துக்கொள்வோம். ஆரஞ்சு வெளிச்சத்தில் பச்சை எப்படி முந்தியது? பெரும்பாலான சென்சார்களுக்குப் பச்சையில்தான் உணர்திறன் அதிகம். அதுவும் இந்தக் கணக்கிலேயே சரியாகிவிடும். சிவப்பை 1.25-ஆலும் நீலத்தை 2.5-ஆலும் பெருக்கினால் மூன்றும் 1000. இதே பெருக்கத்தைப் படத்தின் எல்லாப் புள்ளிகளுக்கும் செய்தால் சட்டை வெள்ளைக்குத் திரும்பிவிடும். மென்பொருளில் அட்டைமேல் சொட்டுக்குழாய்க் கருவியை வைத்துச் சொடுக்கும்போது நடப்பது அடிப்படையில் இவ்வளவுதான்.

இதற்கு ஒரு விலை உண்டு. நீலத்தைப் பெருக்கும்போது அதிலுள்ள இரைச்சலும் (எண்களில் கலந்திருக்கும் தேவையற்ற ஏற்ற இறக்கம்) 2.5 மடங்காகிறது. பல்பு வெளிச்சப் படங்களின் இருட்டுப் பகுதிகளில் நீலப் பொரிப்பொரியாகத் தெரிவது பெரும்பாலும் இதனால்தான். அப்புறம், எண்கள் ஒளியின் அளவுக்கு நேர்விகிதமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு சுத்தமாக வரும். ரா கோப்பில் அப்படி இருக்கின்றன. ஜேபெக்கிலோ எண்களை ஏற்கெனவே அந்த நேர்விகிதம் மாறும்படி வளைத்து, நிறத்துக்கு 256 படிகளாகச் சுருக்கியிருப்பார்கள். ஓரளவு திருத்தலாம், முழுசாக முடியாது.

சாம்பலுக்குப் பதில் வெள்ளைத் தாள் போதாதா? அச்சுத் தாள்களில் வெண்மையைக் கூட்டும் ரசாயனம் சேர்க்கிறார்கள். அது புறஊதாவை விழுங்கி நீலமாக ஒளிரும். அந்தத் தாளை நம்பித் திருத்தினால் படம் மஞ்சள் பக்கம் சாயும். போதாக்குறைக்கு, வெள்ளை சுலபமாக வெளிறிப்போய் ஏதாவது ஒரு நிறத்தின் மதிப்பு உச்சவரம்பில் முட்டி நின்றுவிடும். அட்டைகளில் போட்டிருக்கும் 18 சதவீதம் என்ற எண், அட்டை எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பது; அது வெளிச்ச அளவீட்டுக்கானது. நிறத்துக்கு முக்கியம் நடுநிலைதான், அதாவது மூன்று நிறங்களையும் ஒரே விகிதத்தில் திருப்பி அனுப்புவது. மலிவான சில அட்டைகள் கோட்டைவிடுவதும் இங்கேதான்.

அட்டையை எங்கே பிடிக்கிறோம் என்பதும் முக்கியம். முகத்தை எடுக்கிறோம் என்றால் முகத்தருகே, அதே ஒளி விழும்படி, பளபளப்பு அடிக்காத கோணத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் பல்பு என்றால் அட்டை ஒரு பக்கத்துக்குத்தான் சரியான பதில் சொல்லும். பல்புப் பக்கத்தைச் சரிசெய்தால் ஜன்னல் பக்கம் நீலமாகிவிடும். அந்த மாதிரி நேரத்தில் பல்பை அணைத்துவிடுவதே சுலபம். அது முடியாவிட்டால், பல்புக்கு முன்னால் நீல ஜெல் தாளை (ஒளி ஊடுருவும் வண்ணத் தாள்) மாட்டி, அதன் ஒளியை ஜன்னல் ஒளிக்கு நெருக்கமாக்கிவிட்டு அட்டையைப் பிடிக்கலாம்.