ஹட்டன் நீதிமன்றத்துக்குத் திரும்பி வர நினைக்கும் சட்ட மாணவருக்கு

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் காலத்தில் தோட்டப் பெற்றோர் சிலர் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வருவார்கள். "எத்தனை வருடத்தில் கோட் போடலாம், ஐயா?" என்று கேட்பார்கள். நான்கு வருடம் என்று யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். அது பாதிக் கணக்கு. பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்து வாங்கும் சட்டமாணிப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாருக்காகவும் வழக்குப் பேச முடியாது. கொழும்பு புதுக்கடையில் இருக்கும் இலங்கை சட்டக் கல்லூரியின் பரீட்சைகளில் தேற வேண்டும். அனுபவமுள்ள சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதம் பயிலுநராக இருக்க வேண்டும். அதன்பின் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்தால்தான் சட்டத்தரணி. பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி கைகொடுக்காதவர்கள் சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சையை எழுதி, அங்கேயே மூன்று வருடம் படிக்கலாம். எந்த வாசல் வழியாக வந்தாய் என்று நீதவான் யாரையும் கேட்பதில்லை.

முதலாம் ஆண்டு ஆங்கிலப் பயத்திலேயே போய்விடும். தமிழ் மொழியில் உயர்தரம் எழுதிய பிள்ளையின் கையில் ஆங்கிலத் தீர்ப்பு ஒன்றைக் கொடுத்து, நாளை வகுப்பில் பேசு என்றால் என்ன செய்யும்? அகராதியோடு இரவைக் கழிக்கும். இந்தப் பயம் இரண்டாம் ஆண்டுக்குள் பெரும்பாலும் தெளிந்துவிடுகிறது. சட்டத்தின் ஆங்கிலம் திரும்பத் திரும்ப வரும் சில நூறு சொற்களுக்குள் அடங்கிவிடும்.

அந்த முதலாம் ஆண்டிலேயே மலையகப் பிள்ளை தன் வீட்டுக் கதையைப் பாடமாகவும் படிக்கிறது. அரசியலமைப்புச் சட்ட வகுப்பில் 1953ஆம் ஆண்டின் கோடகன் பிள்ளை எதிர் முதன்நாயக்க வழக்கு வரும். மலையகத் தமிழரில் பெரும்பாலானோரைப் பிரஜைகள் அல்லாதவராக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் செல்லும் என்று, அன்று நமக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனிலிருந்த கோமறைக் கழகம் சொன்ன வழக்கு அது. மற்ற மாணவருக்கு அது சிறுபான்மையினர் பாதுகாப்பு பற்றிய ஒரு தீர்ப்பு. நமக்கோ, பாட்டனுக்கு வாக்குரிமை இல்லாமல் போனதற்கான காரணம். பிரேஸ்கேர்டல் வழக்கையும் படிப்பார்கள். தேயிலைத் தோட்டத்தில் தொழில் பழக வந்த அவுஸ்திரேலிய இளைஞன், தொழிலாளர் பக்கம் நின்று பேசியதால் 1937இல் ஆளுநர் அவரை நாடு கடத்த உத்தரவிட்டார். உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. இவற்றைப் பரீட்சைக்கு மட்டும் மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்து போகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

இனம், மதம், ஊர் பார்த்துத் திருமணத்துக்கும் சொத்துக்கும் பொருந்தும் ஆளுக்குரிய சட்டங்களும் அப்படித்தான். கண்டியச் சட்டம் கண்டியச் சிங்களவருக்கு, தேசவழமை வட மாகாணத் தமிழருக்கு, முஸ்லிம் சட்டம் முஸ்லிம்களுக்கு. மூன்றையும் விழுந்து விழுந்து படிக்கும் மலையகத் தமிழருக்கு மூன்றுமே பொருந்தாது. நம் திருமணமும் சொத்தும் பொதுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. இதை அறியாமல் தேசவழமையைக் காட்டி நம்மூர்க் காணி விவகாரத்துக்கு ஆலோசனை சொன்ன பட்டதாரிகளும் உண்டு.

ஆனால் நான் அதிகம் சொல்ல விரும்புவது சிங்களத்தைப் பற்றி. கொழும்பில் எல்லாரும் ஆங்கிலத்தைப் பற்றியே பேசுகிறார்கள். சட்டக் கல்லூரிப் பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டுமே நடத்தும் விதி வந்து, 2023இல் பாராளுமன்றத்தில் தோற்றது வரைக்கும் விவாதம் அதைச் சுற்றியே நடந்தது. ஊர் திரும்பி வழக்காட நினைக்கும் பிள்ளை பார்க்க வேண்டியது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையை. அதன்படி வடக்கு, கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் வழக்கேடு சிங்களத்தில்தான். விசாரணை பற்றிப் பொலிஸ் நீதவானிடம் தாக்கல் செய்யும் பீ அறிக்கையும் சிங்களத்தில். தமிழில் மட்டுமே பேசத் தெரிந்த தொழிலாளியின் வாக்குமூலத்தைக்கூடச் சிங்களத்தில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். பிறகு சாட்சிக் கூண்டில் அவர் சொல்வது அந்த எழுத்திலிருந்து கொஞ்சம் விலகினாலும் எதிர்த்தரப்பு அதை முரண்பாடு என்று குறித்துக்கொள்ளும். அந்த மூல வாக்குமூலத்தை நீங்களே வாசித்து, "இந்த ஆள் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்" என்று உடனே எழுந்து நிற்க முடியாவிட்டால், எவ்வளவு நல்ல ஆங்கிலமும் அவரைக் காப்பாற்றாது.

தமிழ் தெரிந்தவருக்கும் அந்த உறுப்புரை உரிமை தருகிறது. வழக்குரைகளைத் தமிழில் தாக்கல் செய்யலாம், மொழிபெயர்ப்பை அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த உரிமையைக் கேட்டு வாங்குங்கள், நானும் கேட்கிறேன். ஆனால் மொழிபெயர்ப்பாளர் இல்லை என்றால் வழக்குத் தவணை போகும். தவணை போனால் கட்சிக்காரருக்கு இன்னொரு நாள் பெயர் விழாது, அதாவது அன்றைய சம்பளம் இல்லை; இன்னொரு பஸ் செலவு. ஆகவே விடுதியில் சிங்கள நண்பரோடு ஓர் அறையில் இருங்கள். பேச்சுச் சிங்களம் தானாக வந்துவிடும். எழுத்துச் சிங்களத்துக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் சிங்களப் பிரதியைத் தினமும் ஒரு பக்கம் வாசியுங்கள்.

நடு ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சான்றுச் சட்டத்தைக் கவனமாகப் படியுங்கள், மாதிரி வழக்காடு போட்டிகளில் வாய் திறந்து பேசுங்கள், போதும்.

பயிற்சிக் காலத்துக்குக் கொழும்பில் பெரிய அலுவலகம் தேடுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பயிலுநருக்குக் கையில் கிடைக்கும் பணம் பெரும்பாலும் ஒன்றுமில்லை, அங்கே தொடர்புகளாவது கிடைக்கும். ஊரில் பழகினால் வேறொன்று கிடைக்கும். ஓய்வுபெற்ற கொழுந்துத் தொழிலாளி ஒருவர் தன் சேவைக்காலப் பணம் சரிதானா என்று கேட்டு வருவார். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடமாவது வேலை செய்த, மாதச் சம்பளம் அல்லாத தொழிலாளிக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். அந்தக் கணக்கை அவர் எதிரில் உட்கார்ந்து போட்டுக் காட்டும்போதுதான் படித்த சட்டம் கைக்கு வருகிறது.

கடைசியாக, பெயர். தோட்டத்தில் பிறந்த பலரின் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும், அடையாள அட்டையில் வேறு எழுத்தும், உயர்தரச் சான்றிதழில் மூன்றாவதும் இருக்கும். தந்தையின் பெயரும் இடத்துக்கு இடம் மாறியிருக்கும். சட்டத்தரணியாகப் பதிய விண்ணப்பிக்கும்போது இவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். திருத்தம் செய்வது பிரதேச செயலகத்தின் பதிவுப் பகுதியில், மாதக்கணக்கில் இழுபடும். முதலாம் ஆண்டின் முதல் விடுமுறைக்கு ஊர் வரும்போதே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.