செம்பனைக்கு மேலே பால்வீதி

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து லாபிஸ் பட்டணத்தைத் தாண்டித் தோட்டத்துச் செம்மண் சாலையில் பத்து நிமிடம் வண்டி ஓட்டினால் கடைசித் தெருவிளக்கும் பின்னால் போய்விடும். இளஞ்செம்பனை நட்ட ஒரு மேட்டில் முக்காலியை வைத்து நான் எடுத்த முதல் பால்வீதிப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கேமராவின் சின்னத் திரையில் அழகாகத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கினால் ஒரு நட்சத்திரம்கூடப் புள்ளியாக இல்லை, எல்லாம் அரிசி மணி போல நீண்டிருந்தன. படத்தின் நடுப்பகுதி ஆவி படிந்த கண்ணாடி போல மங்கியிருந்தது. இருட்டான இடங்களில் சிவப்பும் நீலமுமாகப் பொடிப் புள்ளிகள்.

வழிகாட்டிகளில் படித்தபடிதான் எல்லாம் செய்திருந்தேன். ஆனால் நான் படித்தவை குளிர்நாட்டுக்காரர்கள் தங்கள் வானத்தைப் பார்த்து எழுதியவை. நிலநடுக்கோட்டிலிருந்து இரண்டரைப் பாகைகூடத் தள்ளியிராத, ராத்திரியிலும் வியர்க்கும் ஊருக்குக் கணக்கை நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

கேமராவுக்குள் நடப்பதைப் பால்மரக் காட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொல்வது சுலபம். லென்ஸுக்குப் பின்னால் ஒளியை வாங்கும் சில்லுதான் உணரி. அதில் இருக்கும் கோடிக்கணக்கான பிக்சல்கள் ஒவ்வொன்றும், ரப்பர்ப் பால் பிடிக்க மரத்தில் கட்டிய ஒரு மங்கு, அதாவது கிண்ணம். ஒளித்துகள் வந்து விழ விழ, மங்கில் எலக்ட்ரான் சேர்கிறது. ஷட்டர் திறந்திருக்கும் நேரம்தான் பால் சொட்டும் நேரம். லென்ஸின் வாய் அகலமாக இருந்தால் வரத்து கூடும். அதன் அகலத்தைச் சொல்வது எஃப் எண், எண் சிறிதானால் வாய் பெரிது: எஃப் 3.5-ஐ விட எஃப் 1.8 கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் ஐஎஸ்ஓ என்ற அமைப்பைக் கூட்டினால் நட்சத்திர ஒளி அதிகமாகக் கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது மங்கில் ஒரு சொட்டுகூடச் சேர்ப்பதில்லை. சேர்ந்ததைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் ஷட்டரை ரொம்ப நேரம் திறந்து வைக்கலாமே? அங்கேதான் பூமி குறுக்கே வருகிறது. 23 மணி 56 நிமிடத்தில் அது ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. அதனால் பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் வான நடுக்கோட்டருகே உள்ள நட்சத்திரம் விநாடிக்கு 15 வில்விநாடி நகர்கிறது. ஒரு பாகையில் 3,600 வில்விநாடிகள் உண்டு. சின்ன நகர்வுதான், ஆனால் கேமரா அதைப் பார்த்துவிடும். பலரும் சொல்லித்தரும் ‘500 விதி’ இது: 500-ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் எத்தனை விநாடி திறக்கலாம் என்று வரும். என்னுடையது 18 மில்லிமீட்டர் லென்ஸ், சிறிய உணரி. அதற்காக 1.5-ஆல் பெருக்கினால் 27. ஆக, 500-ஐ 27-ஆல் வகுத்தால் சுமார் 18 விநாடி.

இப்போது உண்மையான கணக்கைப் பாருங்கள். 24 மெகாபிக்சல் உள்ள அந்த உணரியில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 3.9 மைக்ரான். 18 மில்லிமீட்டர் லென்ஸில் அது வானத்தில் ஏறக்குறைய 45 வில்விநாடி. மூன்று விநாடிக்கு ஒரு பிக்சல் வீதம் நட்சத்திரம் நகர்ந்தால், 18 விநாடியில் ஆறு பிக்சல் நீளத்துக்கு இழுபடும். என் அரிசி மணி அதுதான்.

துருவத்தை ஒட்டிய நட்சத்திரங்கள் மெதுவாகத்தான் நகரும். வடநாடுகளில் துருவ நட்சத்திரம் நல்ல உயரத்தில் நிற்பதால், அந்தப் பக்கம் எடுக்கும் படத்தில் பிழை தெரியாது. லாபிஸில் அதன் உயரம் சுமார் இரண்டரைப் பாகை. கையை நீட்டிக் கட்டைவிரலைப் படுக்க வைத்த அளவு. செம்பனை மட்டையே அதை மறைத்துவிடும். நமக்கு உச்சியில் இருப்பது வான நடுக்கோடு, அதாவது வேகம் அதிகமான இடம். அதனால் நான் எட்டு விநாடிக்கு மேல் திறப்பதில்லை. குறையும் ஒளிக்காக அதே படத்தைப் பதினாறு தடவை எடுத்து, கணினியில் நட்சத்திரங்களைப் பொருத்தி அடுக்குகிறேன். பதினாறு படம் அடுக்கினால் இரைச்சல், அதாவது படத்தில் தாறுமாறாகத் தெரியும் பொடிகள், நான்கில் ஒன்றாகிவிடும். படங்களை ரா வடிவில், அதாவது கேமரா சுருக்கித் திருத்தாத மூல வடிவில் எடுக்க வேண்டும். மரங்களுக்குத் தனியாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், அடுக்கும்போது அவை கலைந்துவிடும்.

இதே இடம் நமக்கு ஒரு பெரிய வரத்தையும் தருகிறது. பால்வீதியின் மையம் விருச்சிகத்தின் வால் பக்கம், மூல நட்சத்திரத்துக்கு அருகில் இருக்கிறது. லாபிஸில் அது 58 பாகைக்கு மேல் ஏறும். லண்டனில் பத்துப் பாகைகூட ஏறாது, போதாக்குறைக்கு ஜூன் மாதத்தில் அங்கே முழு இருட்டே வராது. நமக்கோ வருடம் முழுக்க இருட்டு உண்டு. ஜூன் நடுவில் மையம் உச்சத்துக்கு வருவது ஒரு மணி வாக்கில். 1982-இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து நம் உண்மையான நள்ளிரவே ஒரு மணிக்கு மேல்தான்.

குவியத்துக்கு ஆட்டோவை நம்பாதீர்கள். கேட்டை நட்சத்திரத்தைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, வளையத்தைக் கையால் மெல்லத் திருப்புங்கள். சிவந்த தட்டு ஒன்று சுருங்கிச் சுருங்கி ஊசி முனையாகும், தாண்டினால் மறுபடி உப்பும். ஊசி முனைக்குத் திரும்பி வந்து டேப் ஒட்டிவிடுங்கள்.

மங்கில் மழைத்தண்ணீர் விழுந்தால் பால் கெடுவது போலத்தான் ஊர் வெளிச்சமும். மஞ்சள் சோடியம் விளக்குகள் போய் வெள்ளை எல்இடி வந்தது இதில் பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். அதிலுள்ள நீல ஒளி, காற்று மூலக்கூறுகளில் பட்டு மஞ்சளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு சிதறுகிறது. அமாவாசையை ஒட்டிப் போங்கள், புகைமூட்டம் இல்லாத நாளாகப் பாருங்கள். தோட்டத்துக் காவலாளியான ஜாகாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அப்புறம் பனி. படம் மங்கியதற்குக் காரணம் அதுதான். லென்ஸின் கண்ணாடி தெளிந்த வானத்தைப் பார்த்துத் தன் வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கிறது, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்தும் விடுகிறது. மாலை மழைக்குப் பிறகு தோட்டத்துக் காற்று ஈரத்தால் நிறைந்திருக்கும். கண்ணாடி ஓரிரு டிகிரி இறங்கினாலே ஈரம் அதில் படிந்துவிடும். துடைத்தால் மறுபடி படியும். கண்ணாடியைக் காற்றைவிடக் கொஞ்சம் சூடாக வைப்பதுதான் வழி. பவர் பேங்கில் ஓடும் சூட்டுப் பட்டி ஒன்றை லென்ஸைச் சுற்றிக் கட்டினால் போதும். குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கும் என்பதால் மேட்டிலேயே நில்லுங்கள்.

மிச்சம் அந்தச் சிவப்பு, நீலப் பொடிகள். ஒளியே விழாவிட்டாலும் சூட்டினால் மங்கில் தானாக எலக்ட்ரான் ஊறும். ஏறக்குறைய ஆறேழு டிகிரி கூடினால் ஊறுவது இரட்டிப்பாகும். 4 டிகிரிக் குளிரில் எடுப்பவரைவிட 24 டிகிரியில் எடுக்கும் நமக்கு இது எட்டு மடங்கு வரை போகலாம். எந்த பிக்சலில் எவ்வளவு ஊறுகிறது என்பது பெரும்பாலும் மாறாது, அதனால் அளந்து கழித்துவிடலாம். லென்ஸை மூடிவிட்டு, அதே ஐஎஸ்ஓ, அதே எட்டு விநாடியில் பதினாறு இருட்டுப் படங்கள் எடுக்க வேண்டும். வீட்டுக்குப் போய் எடுத்தால் சூடு மாறிவிடும். எனவே மூட்டை கட்டுவதற்கு முன்பு, அந்த மேட்டிலேயே எடுக்கிறேன். மூடி போட்ட கேமரா தானாகச் சொடுக்கிக்கொண்டிருக்கும்போது, கீழே தொழிலாளர்கள் காலையில் கூடும் பெரட்டுக் களத்தில் முதல் விளக்கு எரியும்.