ஒரு நித்திரை கொண்டு எழும்பின நேரம்

"ரெண்டு மணிக்கு முழிப்பு வந்திருது மகன், பிறகு நித்திரையே இல்ல. ஒரு குளிசை எழுதித் தாங்க."

மட்டக்களப்பில் என் கிளினிக்குக்கு வந்த வயதான அம்மா ஒருவர் கேட்டது இது. எத்தனை மணிக்குப் படுக்கிறீங்க என்றேன். "எட்டு மணிக்கே லைட்ட நூத்துருவன். ஒரு நித்திரை கொண்டு எழும்பி, வாசல்ல குந்தி வெத்திலை போடுவன்."

எட்டிலிருந்து ரெண்டு, ஆறு மணித்தியாலம். அவருடைய வயதுக்கு அது மோசமில்லை. ஆனால் எனக்குப் பிடித்தது 'ஒரு நித்திரை' என்ற அந்தச் சொல்.

1990களில் ரொஜர் எக்கேர்ச் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் லண்டன் ஆவணக் காப்பகத்தில் பழைய வழக்குக் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வட இங்கிலாந்தில் 9 வயதுச் சிறுமி கொடுத்த வாக்குமூலம் ஒன்று கிடைத்தது. அம்மா 'முதல் நித்திரை' முடிந்து எழும்பினா, இரண்டு ஆண்கள் கூப்பிட்டார்கள், அவர்களோடு போனா. பிறகு பிணமாகத்தான் கண்டெடுத்தார்கள். முதல் நித்திரை என்றால் என்ன என்று பிள்ளை விளக்கவும் இல்லை, எழுதியவர் கேட்கவும் இல்லை. அப்படியென்றால் ஊருக்கே தெரிந்த விசயம். அதைப் பிடித்துக்கொண்டு தேடினார். முன்னிரவில் ஒன்று, விடியச்சாமத்தில் ஒன்று என இரண்டு நித்திரை கொண்ட வழக்கம் பற்றி 2001இல் கட்டுரை எழுதினார்.

தான் எப்படித் தூங்கினோம் என்று யார்தான் எழுதி வைக்கிறார்கள்? நீதிமன்றம் கேட்பது களவையும் கொலையையும்தான். ஆனால் 'அப்போது எங்கே இருந்தாய்' என்றதும், மணிக்கூடு இல்லாத வீட்டார் நித்திரையை வைத்தே நேரம் சொன்னார்கள். வாய்தவறி வந்த உண்மை அது. நோயாளியிடமும் அப்படித்தான்: 'நல்லா நித்திரையா' என்றால் பொய் வரும், 'நேற்று ராத்திரி என்ன செய்தீங்க' என்றால் கதை வரும்.

ஆனால் இதை அப்படியே எல்லாருக்கும் பொருத்தவும் முடியாது. ஒன்று, வழக்கில் ஏறிய இரவுகள் எல்லாம் குழம்பிய இரவுகள். அதோடு, 2015இல் தன்சானியா, நமீபியா, பொலிவியாவில் மின்சாரமில்லாமல் வாழும் மூன்று சமூகங்களை ஆராய்ந்தபோது பெரும்பாலும் ஒரே நித்திரைதான் தெரிந்தது. மறுபக்கம், அமெரிக்க மனநல மருத்துவர் தோமஸ் வேர் 1990களில் செய்த பரிசோதனையில், தினமும் 14 மணித்தியாலம் இருட்டில் இருந்தவர்களுக்கு நித்திரை இரண்டாகப் பிரிந்தது. ஆகவே இரண்டு நித்திரைதான் இயற்கை என்று நான் சொல்லவில்லை. நடுச்சாமத்து முழிப்பெல்லாம் வருத்தமுமில்லை.

எது வருத்தம்? வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதமாக முழிப்பு வந்து, பகலில் வேலையும் மனமும் கெட்டால் வாங்க. குறட்டையும் மூச்சுத் திணறலும், மல்லாந்து படுக்க முடியாத இளைப்பு, அடிக்கடி மூத்திரத்துக்கு எழும்புவது, விடியுமுன் முழித்து அழுகை வருவது, இவற்றில் ஒன்றிருந்தாலும் மூன்று மாதம் பார்த்திருக்க வேண்டாம். பக்கத்து வீட்டாரின் நித்திரைக் குளிசையை மட்டும் தொடவேண்டாம். இருட்டில் முற்றத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மாவுக்குக் குளிசை கொடுக்கவில்லை. பத்து மணிக்குப் படுக்கச் சொன்னேன், முழிப்பு வந்தால் மணிக்கூட்டைப் பார்க்காமல் எழும்பி இருக்கச் சொன்னேன். அடுத்த கிளினிக்கில் கேட்டேன். நாலு மணிக்கு எழும்புகிறாராம். வெத்திலையை விடச் சொன்னதுதான் நடக்கவில்லை.