வாடிக்கையாளருக்கு இங்கே என்ன வேலை?

தண்டையார்பேட்டையில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வெப் புரோகிராமிங் சொல்லித் தருகிறேன். போன மாதம், கையில் அகப்பட்ட ஒரு தமிழ்ப் பாடக் குறிப்பை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்து, பயிற்சியை வீட்டில் செய்துவரச் சொன்னேன். காசிமேட்டுப் பையன் ஒருவன் அழகாக ஒரு பக்கம் செய்துகொண்டு வந்தான். அவன் அப்பாவிடம் மீன் எடுக்கும் வியாபாரிகளின் பெயர், ஊர், பாக்கித் தொகை.

"என்னடா இது?"

"வாடிக்கையாளர் பக்கத் தரவுத்தளம்னு போட்டிருந்துச்சே சார்."

அவன் மேல் தப்பே இல்லை. குறிப்பில் அப்படித்தான் இருந்தது. எழுதியவர் சொல்ல வந்தது கிளையன்ட்-சைடு டேட்டாபேஸ். அதாவது, தகவலைத் தொலைவில் இருக்கும் சர்வருக்கு அனுப்பாமல், நம் போனில், பிரவுசருக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு.

கிளையன்ட் என்பதன் மூலம் லத்தீன். பழைய ரோமில் பெரிய மனிதர் ஒருவரை அண்டிப் பிழைத்தவனுக்கு அந்தப் பெயர். வக்கீலின் கட்சிக்காரர், கடைக்கு வருகிறவர் என்ற பொருளெல்லாம் பின்னால் ஏறியவை. கணினியில் அது ஆளே கிடையாது. சர்வரிடம் கேட்டு வாங்கும் நிரல். அதற்கு 'ஆளர்' விகுதி போட்டு உயர்திணை ஆக்கியது முதல் பிழை. வாடிக்கை என்பதோ வழக்கம், தொடர்ந்த புழக்கம். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதன் உறவுச் சொற்கள் உண்டு. தினமும் பால் வாங்குகிறவர் வாடிக்கை. குரோம் யாருக்கு வாடிக்கை?

இரண்டாவது பிழை இன்னும் மோசம். சைடு என்றாலும் பக்கம், பேஜ் என்றாலும் பக்கம். வேறு துறையில் இடம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். வலைப்பக்கத்தைப் பற்றியே பேசும் பாடத்தில் 'வாடிக்கையாளர் பக்கம்' என்றால் எந்தப் பிள்ளைக்கும் கஸ்டமர் பேஜ்தான் கண்ணில் நிற்கும். மொழிபெயர்த்தவர் எழுதியதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்திருந்தால் போதும். இப்போதெல்லாம் யார் படிக்கிறார்கள்? ஆங்கில வரியை எந்திரத்தில் போடுவது, வருவதை ஒட்டுவது, ஒற்று மட்டும் திருத்துவது.

சர்வரைத் தமிழில் வழங்கி என்கிறோம், கிளையன்ட்டுக்கு அதற்கு மோனையாக 'வாங்கி' என்று வைக்கலாமே என்றார் நண்பர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த டேட்டாபேஸ் நெட் இல்லாதபோதும் சொந்தமாக எழுதி வைத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் அது யாரிடமும் எதையும் வாங்கவில்லை. 'கிடங்கு' எனக்குப் பிடித்த சொல்தான், கொருக்குப்பேட்டைக் குடோனுக்கும் அதற்கும் உறவு உண்டு என்பார்கள். ஆனால் தரவுக் கிடங்கு என்பதை டேட்டா வேர்ஹவுஸுக்குக் கொடுத்தாயிற்று. 'பயனர் தரப்பு' என்றால் கோர்ட்டு வாசனை.

கிளையன்ட் யார் என்று தோண்டுவதே வீண். தரவு எங்கே இருக்கிறது என்பதுதான் சேதி. எங்கள் பக்கத்தில் 'என்னாண்ட இருக்கு' என்போம். என் அண்டை, என்னாண்ட. அண்டு, அண்டை எல்லாம் ஒரே குடும்பம். ரோமில் அண்டிப் பிழைத்தவனுக்கும் சேர்த்துத்தான்! பாடப் புத்தகத்தில் 'நம்மாண்டத் தரவுத்தளம்' என்று போட்டால் அடிக்க வருவார்கள். ஆகவே 'உலாவியகத் தரவுத்தளம்' என்கிறேன். பிரவுசர் உலாவி, அதன் அகத்தே இருப்பது. தூய தமிழ் வெறியில் சொல்லவில்லை. வகுப்பில் பிரவுசர் டேட்டாபேஸ் என்று சொன்னாலும் எனக்குச் சம்மதமே. தெளிவு வேண்டும், அவ்வளவுதான்.

பிரவுசருக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜையும் தரவுத்தளம் என்று அதே குறிப்பு சேர்த்துக் கட்டுகிறது. சாவி ஒன்று, மதிப்பு ஒன்று, இரண்டும் வெறும் எழுத்துச் சரம், சுமார் 5 எம்பி இடம்: அது டப்பா. பிரவுசருக்குள்ளேயே இருக்கும் இன்னொன்றான இன்டெக்ஸ்டு டிபிதான் தரவுத்தளம். இன்டெக்ஸ் போட்டுத் தேடலாம், டிரான்சாக்‌ஷன் (எல்லா மாற்றமும் சேர்ந்து நடக்கும், இல்லையென்றால் ஒன்றுமே நடக்காது) உண்டு, 2015இல் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையானது. எஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மொழி பழகியவர்களுக்கு வாய்ப்பாக இருந்த வெப் எஸ்கியூஎல்லை 2010லேயே அந்த அமைப்பு கைவிட்டுவிட்டது. காரணம், அதைச் செய்த பிரவுசர்கள் எல்லாம் எஸ்கியூலைட் என்ற ஒரே தரவுத்தள நிரலைத்தான் உள்ளே வைத்திருந்தன; தரம் வகுக்க வேண்டுமானால் ஒன்றையொன்று சாராத தனித்தனி ஆக்கங்கள் வேண்டும். குறிப்பு வெப் எஸ்கியூஎல்லையும் நடப்பில் உள்ளதாகவே சொல்கிறது.

பையனுக்கு உதாரணம் சொல்லத் திண்டாடவில்லை. கடலுக்குள் போன போட்டில் சிக்னல் கிடையாது. டீசல் எத்தனை லிட்டர், ஐஸ் எவ்வளவு என்று அப்பா போனில் தட்டினால் அது போனிலேயே தங்கி, கரைக்கு வந்ததும் சர்வருக்குப் போக வேண்டும். "அப்போ நம்மாண்டயே இருக்கும், சரியா சார்?" என்றான். சரி. பிரவுசர் டேட்டாவை யாராவது கிளியர் பண்ணினால் அதோடு போய்விடும் என்பதையும் சொல்லிவைத்தேன்.

அடுத்த வாரம் அந்த டீசல், ஐஸ் கணக்கு நிரலை எழுதிவிட்டான். பழைய வாடிக்கையாளர் பக்கத்தை மட்டும் அழிக்கவில்லை. யார் எவ்வளவு பாக்கி என்று பார்க்க அப்பாவுக்கு அதுதான் வசதியாம்.