ஸ்கிரீனிங் என்றால் திரையிடலா?

‘பயணிகள் விமானத்தில் ஏற்றும் சரக்கு முழுவதும் திரையிடப்பட வேண்டும்.’ விமானச் சரக்குப் பாதுகாப்பு பற்றித் தமிழில் எதை எடுத்தாலும் இந்த வாக்கியமோ இதன் தம்பியோ கண்ணில் படுகிறது. வெடிபொருள் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று ஏற்றும் முன் சரக்கைப் பார்ப்பதை ஆங்கிலத்தில் ‘ஸ்கிரீனிங்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் செய்தி, அறிவிப்பு, ஏற்றுமதியாளருக்கான கையேடு என்று எங்கும் ‘சரக்குத் திரையிடல்’தான். ஒருமுறை என்றால் கைத்தவறு என்று விட்டுவிடலாம். இப்போது அது கலைச்சொல்லாகவே உட்கார்ந்துவிட்டது. தமிழில் திரையிடுவது படத்தை. பெட்டியைத் திரையிட்டார்கள் என்றால், எந்தத் தியேட்டரில் என்றுதான் கேட்பார்கள்.

சொல் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தின் ‘ஸ்கிரீன்’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. கணப்படுப்பின் அனல் மேலே அடிக்காமல் இருக்க முன்னால் நிறுத்தும் தட்டிக்கு அந்தப் பெயர். பிறகு தானியமும் நிலக்கரியும் சலிக்கிற பெரிய சல்லடைக்கும் அதே பெயர் வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் சலிப்பது என்ற வினையாகவும் அது வழங்கியது. இருபதாம் நூற்றாண்டில், இரண்டாம் உலகப்போர்க் காலத்தையொட்டி, ஆட்களைப் பார்த்துத் தேறியவர் யார், தேறாதவர் யார் என்று பிரிப்பதற்கும் அந்த வினையே போயிற்று. விமான நிலைய ஸ்கிரீனிங் இந்தச் சல்லடைக் கிளையில் வந்தது. சினிமாத் திரை தட்டிக் கிளையில் வந்தது. மொழிபெயர்த்தவர் ஏறியது தப்பான கிளை. அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் தனித்தமிழ் நண்பர்கள் உடனே, ‘அப்படியானால் சலித்தல் என்று வைத்துக்கொள்ளலாமே’ என்பார்கள். சரக்குச் சலிப்பு! சரக்குக்கே வாழ்க்கை அலுத்துவிட்ட மாதிரி இருக்கிறது. ‘சலித்தெடுப்பு’ என்று நீட்டினாலும் சரிவராது. சலிக்கும்போது நுண்மையானது கீழே இறங்கும், பருமனானது மேலே நிற்கும். எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போகிற அட்டைப்பெட்டி அப்படிப் பிரிவதில்லை. முழுசாகப் போகிறது, முழுசாக வெளியே வருகிறது. ஆங்கிலச் சொல்லின் வேர் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. அந்த வேரையே பிடுங்கி வந்து நம் தோட்டத்தில் நட வேண்டும் என்று யார் சொன்னது?

திரையிடல், சலித்தல் இரண்டும் வெறும் சிரிப்போடு போய்விடும். என் உண்மையான சண்டை ‘சரிபார்ப்பு’ என்ற சொல்லோடு. திரையிடல் தவறு என்று புரிந்தவர்கள் அடுத்துப் போய் நிற்கிற இடம் இதுதான். ‘சரக்குச் சரிபார்ப்பு’ காதுக்கு நன்றாக இருக்கிறது, பேச்சிலும் எழுத்திலும் பழகிய சொல், யாரும் சிரிக்க மாட்டார்கள். அதனால்தான் ஆபத்து. சட்டம் சொன்னதை அது தலைகீழாக்குகிறது.

அமெரிக்கச் சட்டத்தையே பார்ப்போம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அந்த ஆண்டு நவம்பரில் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், அதாவது டி.எஸ்.ஏ., உருவானது. பயணிகளையும் அவர்களுடைய பெட்டிகளையும் துருவித் துருவிப் பார்த்தார்கள். அதே விமானத்தின் வயிற்றில் போகிற வணிகச் சரக்கைப் பெரும்பாலும் அனுப்புகிறவரை நம்பி ஏற்றினார்கள். அனுப்புநர் நமக்குத் தெரிந்த நிறுவனமா, பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்பதே முக்கியக் காப்பு. 2007 ஆகஸ்டில் வந்த சட்டம் இதை மாற்றியது. பயணிகள் விமானத்தில் ஏறும் சரக்கில் பாதியை 2009 பிப்ரவரிக்குள்ளும், முழுவதையும் 2010 ஆகஸ்டுக்குள்ளும் ‘ஸ்கிரீன்’ செய்தாக வேண்டும் என்றது.

அந்தச் சட்டம் ஸ்கிரீனிங் என்பதற்கு விளக்கமும் தருகிறது. எக்ஸ்ரே, வெடிபொருள் கண்டறியும் கருவி, வெடிபொருளின் துகள் ஒட்டியிருக்கிறதா என்று துடைத்தெடுத்துப் பார்ப்பது, மோப்ப நாய், கையால் பிரித்துப் பார்த்துச் சரக்குப் பட்டியலோடு ஒப்பிடுவது. இவை போன்றவை கணக்கில் சேரும். அடுத்த வரிதான் விஷயம். சரக்கைப் பற்றிய தகவலை மட்டும் படித்துப் பார்ப்பதும், அனுப்புநர் யார் என்று மட்டும் உறுதிசெய்வதும் ஸ்கிரீனிங் ஆகாது. பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்த்ததை வைத்து வேலை முடிந்தது என்று சொல்ல முடியாது.

இப்போது ‘சரிபார்ப்பு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தமிழர் எதைச் சரிபார்ப்பார்? சான்றிதழை, கணக்கை, விலாசத்தை, பட்டியலை. ஒன்றை இன்னொன்றோடு வைத்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே சரிபார்ப்பு. வேலைக்குத் தேர்வானவரைச் ‘சான்றிதழ் சரிபார்ப்புக்கு’ அழைக்கிறார்கள், அவருடைய பையைத் துழாவுவதற்கு இல்லை. ஆக, எது ஸ்கிரீனிங் ஆகாது என்று சட்டம் விலக்கிவைத்ததோ அந்தக் காகித வேலையின் பெயரையே ஸ்கிரீனிங்குக்குச் சூட்டிவிட்டோம். திருப்பூரிலிருந்து ஆயத்த ஆடை அனுப்புகிற ஒருவர் ‘சரக்குச் சரிபார்ப்பு கட்டாயம்’ என்று படித்தால் இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்ட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு தயாராக இருப்பார். பெட்டியைக் கருவிக்குள் விடுவார்கள், தேவைப்பட்டால் பிரிப்பார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எதிர்ப்பக்கம் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. தகவலை மட்டும் பார்ப்பதற்கும் ஆங்கிலத்தில் ஸ்கிரீனிங் என்றே பெயர் வைத்திருக்கிறார்களே? உண்மைதான். 2010 அக்டோபர் இறுதியில் ஏமனிலிருந்து சிகாகோ விலாசத்துக்கு இரண்டு பார்சல்கள் கிளம்பின. பிரிண்டரின் டோனர் பெட்டிக்குள் பி.இ.டி.என். என்ற வெடிமருந்து. சவூதி உளவுத்துறை சொன்ன துப்பால் ஒன்று துபாயிலும் மற்றொன்று இங்கிலாந்தின் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையத்திலும் சிக்கின. ஈஸ்ட் மிட்லண்ட்ஸில் முதல் தடவை தேடியபோது குண்டு கண்ணுக்கே தெரியவில்லை. அது வெறும் பிரிண்டராகவே தெரிந்தது.

அதன் பிறகு, விமானத்தில் ஏற்றுவதற்கு முன்பே சரக்கின் விவரம் அமெரிக்கச் சுங்கத் துறைக்குப் போய்விட வேண்டும் என்ற ஏற்பாடு 2010 டிசம்பரில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. 2018 ஜூனில் கட்டாயமானது. அனுப்புநரின் பெயர் விலாசம், பெறுநரின் பெயர் விலாசம், சரக்கு என்ன, எத்தனை உருப்படி, எவ்வளவு எடை, ஏர்வே பில் என்ற விமானச் சரக்குச் சீட்டின் எண். இதை வைத்து எது சந்தேகத்துக்குரியது என்று முடிவு செய்வார்கள். ஏமனிலிருந்து சிகாகோவுக்கு பிரிண்டர் ஏன் போக வேண்டும் என்ற கேள்வி எக்ஸ்ரே இயந்திரத்துக்குத் தோன்றாது, விவரத்தைப் படிக்கிறவருக்குத் தோன்றும். இந்த ஏற்பாட்டின் பெயரும் ஸ்கிரீனிங்தான், ‘முன்கூட்டிய’ என்ற அடைமொழியோடு.

ஆக ஆங்கிலம் ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறது. ஒன்று பெட்டியைப் பார்ப்பது, மற்றொன்று பெட்டியைப் பற்றி எழுதியதைப் பார்ப்பது. அவர்கள் சட்டத்தில் வரையறை எழுதிச் சமாளித்துக்கொள்கிறார்கள். தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் தயாராகக் கிடக்கும்போது அந்தக் குழப்பத்தையும் சேர்த்து ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

பெட்டியைப் பார்ப்பது சோதனை. சோதனைச் சாவடி என்றால் வண்டியை நிறுத்தி டிக்கியைத் திறப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வருமானவரிச் சோதனை என்றால் பீரோ திறக்கும். ஒளிந்திருப்பதைத் தேடுவது என்ற பொருள் இந்தச் சொல்லிலேயே இருக்கிறது. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 17-ஆம் இணைப்பும் ஆயுதம், வெடிபொருள் போன்றவற்றைக் கண்டறியக் கருவியையோ வேறு வழியையோ பயன்படுத்துவது என்றுதான் ஸ்கிரீனிங்குக்குப் பொருள் சொல்கிறது. சோதனை வடமொழி வழி வந்த சொல் என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். சரக்கு முனையத்தில் பெட்டி தூக்குகிறவருக்கும் புரிகிற சொல்லைத் தூய்மைக்காகத் தூக்கி எறிய எனக்கு மனமில்லை. ‘பரிசோதனை’ வேண்டாம். துணிப் பெட்டிக்குப் பரிசோதனை என்றால் சாயம் போகிறதா என்று லேபரட்டரியில் பார்ப்பது என்று ஆகிவிடும்.

விவரத்தைப் பார்ப்பது ஆய்வு. இது நம் சொல். கீரை ஆய்கிறோம், அல்லவா? பழுப்பையும் பூச்சி அரித்ததையும் தள்ளி நல்லதை எடுப்பதற்குப் பெயர் ஆய்தல். தொல்காப்பியம் உரியியலில் ஆய்தலுக்கு ‘உள்ளதன் நுணுக்கம்’ என்று பொருள். வந்து குவிகிற விவரத்தில் எதைத் தள்ளிவைப்பது என்று நுணுகிப் பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. ஒரு சிக்கல் உண்டு. பத்திரிகைகளில் ‘ஆட்சியர் ஆய்வு’ என்று வருவது அதிகாரி நேரில் போய்ப் பார்ப்பதை. அதனால் வெறும் ஆய்வு என்று விடாமல் ‘முன்தகவல் ஆய்வு’ என்று எழுதலாம்.

இந்த ஒரு சொல்லோடு நின்றால் பரவாயில்லை. இந்தத் துறையின் படிவங்களைத் தமிழில் படித்தால் தலை சுற்றும். அமெரிக்காவில் ஒரு மத்திய அரசு அலுவலகம் பத்து பேரிடமோ அதற்கு மேலோ ஒரே கேள்விகளைக் கேட்டு வாங்க வேண்டுமானால், காகித வேலையைக் குறைப்பதற்கென்றே 1980-இல் வந்து 1995-இல் திருத்தி எழுதிய சட்டத்தின்படி முதலில் அனுமதி பெற வேண்டும். 60 நாள் பொதுமக்கள் கருத்து, அப்புறம் இன்னொரு 30 நாள். அனுமதி கிடைத்தால் அதிகபட்சம் மூன்று ஆண்டு, அதன்பின் மறுபடியும் முதலிலிருந்து. டி.எஸ்.ஏ. சரக்கு நிறுவனங்களிடம் வாங்குகிற பாதுகாப்புத் திட்டம், ஊழியர்களின் பின்னணி விவரம், பயிற்சிப் பதிவு, எவ்வளவு சரக்கைச் சோதித்தார்கள் என்ற கணக்கு எல்லாமே இந்த வழியாகத்தான் வர வேண்டும்.

இப்படிக் கருத்துக் கேட்கும் ஒவ்வொரு அறிவிப்பிலும், படிவம் நிரப்ப ஆண்டுக்கு எத்தனை மணிநேரம் பிடிக்கும் என்ற மதிப்பீடு இருக்கும். ஆங்கிலத்தில் அந்த நேரத்துக்குச் சுமை என்று பெயர். தமிழில் அதை அப்படியே ‘மதிப்பிடப்பட்ட சுமை’ என்று போட்டிருந்ததைப் பார்த்தேன். சரக்கு பற்றிய கட்டுரையில் சுமை! படிக்கிறவர் டன் கணக்கைத் தேடுவார். ‘படிவம் நிரப்ப ஆகும் நேரம்’ என்றால் குடியா முழுகிவிடும்?

இன்னொரு இடத்தில் பதிவேட்டில் இருக்கிற அனுப்புநர் ‘அறியப்பட்ட கப்பல்தாரர்’ ஆகியிருந்தார். விமானத்தில் போகிற சரக்கில் கப்பல் எங்கிருந்து வந்தது? வங்கியில் கணக்குத் தொடங்க அறிமுகம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ‘அறிமுகமான அனுப்புநர்’ என்றால் போதும். மோப்ப நாயைக்கூட இவர்கள் விட்டுவைக்கவில்லை, ‘வெடிபொருள் கண்டறியும் கோரை’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘கேனைன்’ என்றால் நாயும் உண்டு, கோரைப்பல்லும் உண்டு. கோரை நமக்குப் புல், பாய், கடைசியில் பல். குரைக்காது.

சரக்கோடு போகிற பாதுகாப்பு உறுதிப் படிவத்தில் மட்டும் மொழிபெயர்ப்பாளர் கையை வைக்காமல் இருப்பது நல்லது. சோதனை முறைக்கான கட்டத்தில் எக்ஸ்.ஆர்.ஒய். என்றால் எக்ஸ்ரே, பி.எச்.எஸ். என்றால் கையால் தேடியது, ஈ.டி.டி. (EDD) என்றால் நாய். சரக்கின் நிலைக்கு எஸ்.பி.எக்ஸ். என்று இருந்தால் பயணிகள் விமானத்திலும் ஏற்றலாம், எஸ்.சி.ஓ. என்றால் சரக்கு விமானத்தில் மட்டும். உலகம் முழுக்க ஒரே குறியீடு. இதைத் தமிழாக்கினால் அடுத்த விமான நிலையத்தில் பெட்டி நின்றுவிடும். விளக்கக் குறிப்பைத் தமிழில் எழுதுங்கள், குறியீட்டை விட்டுவிடுங்கள்.

விளக்கம் எழுதும்போது ‘சோதனைக்கு உட்படுத்தப்பட்ட சரக்கு’, ‘சோதனைக்கு உட்படுத்தப்படாத சரக்கு’ என்று முழம் போட வேண்டாம். சோதித்த சரக்கு, சோதிக்காத சரக்கு. கிடங்கில் இரண்டையும் தனித்தனியாக வைக்க வேண்டும் என்பது விதி. அங்கே மாட்டுகிற பலகையிலும் இந்த இரண்டு தொடரும் தாராளமாக அடங்கும்.