சுவரில் மாட்டிய ஏ.இ.டி. பெட்டிக்கு யார் பொறுப்பு?

மருத்துவக் கருவிகளைப் பழுது பார்ப்பதும் பராமரிப்பதும் என் தொழில். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்க்கொண்டிருந்த என்னை இப்போது தொழிற்சாலை, அபார்ட்மென்ட், கல்லூரி என்று வெளியிடங்களுக்கும் கூப்பிடுகிறார்கள். அங்கே சுவரில் மாட்டியிருக்கும் ஏ.இ.டி. பெட்டியைப் பார்க்கத்தான். திடீரென்று செயலிழக்கும் இதயத்துக்கு மின் அதிர்ச்சி (ஷாக்) கொடுக்கும் தானியங்கி மெஷின் அது. போனதும் நான் முதலில் கேட்பது, “இதற்குப் பொறுப்பு யார்?” என்றுதான். பெரும்பாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். திறப்பு விழாப் போட்டோ இருக்கும், வாங்கின பில் இருக்கும். பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது.

நன்றாக இருந்தவர் திடீரென்று சரிந்து விழுகிறார். கூப்பிட்டால் அசைவில்லை. மூச்சு இல்லை, அல்லது வாயைப் பிளந்து விட்டுவிட்டு இழுக்கிறது. இதயம் ரத்தத்தை வெளியே தள்ளாமல் வெறுமனே படபடத்துக்கொண்டிருக்கும் நிலை பல நேரம் இதற்குக் காரணம். உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும், சீக்கிரம் ஷாக் கொடுக்க வேண்டும். நெஞ்சழுத்தமும் இல்லாமல் ஷாக்கும் தாமதமானால், நிமிடத்துக்கு 7 முதல் 10 சதவீதம் வரை பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது. ஒகேனக்கலில் இருந்து தருமபுரிக்கு ஏறக்குறைய 46 கிலோமீட்டர், அதில் மலைப்பாதையும் உண்டு. 2008 முதல் 108 வண்டிகள் ஓடுகின்றன, அந்த ஊழியர்களின் வேகத்தை நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் அவர்களும் நிற்கத்தான் வேண்டும். அந்த இடைவெளிக்குத்தான் இந்தப் பெட்டி.

இப்போது பெட்டிக்குள் பார்ப்போம். நெஞ்சில் ஒட்டும் இரண்டு பேட்கள் ஒரு ஃபாயில் பாக்கெட்டில் இருக்கும். அவற்றின் அடிப்பக்கம் பூசியிருக்கும் ஜெல்தான் மின்சாரத்தை உடம்புக்குள் கடத்துகிறது. அது காய்ந்துபோனால் பேட் ஒட்டாது. அதனால்தான் பாக்கெட் மேல் காலாவதி தேதி அச்சிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் தயாரித்து இரண்டு, இரண்டரை வருடம். ஒரு தொழிற்சாலையில் நான் எடுத்த பாக்கெட்டின் ஓரம் கிழித்து செலோ டேப் போட்டு ஒட்டியிருந்தது. பயிற்சி வகுப்பில் காட்டுவதற்காக யாரோ பிரித்து, அப்படியே உள்ளே வைத்துவிட்டார்கள். பேட்டைத் தொட்டுப் பார்த்தேன், அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. மெஷினில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பச்சை விளக்கு பேட்டரியையும் உள் சர்க்யூட்டையும் சோதித்துச் சொல்கிறது. பேட்டின் ஜெல் காய்ந்ததைப் பல மாடல்களால் கண்டுபிடிக்க முடியாது. பயிற்சிக்கென்று தனி பேட் விற்கிறார்கள், அதை வாங்குங்கள். பாக்கெட்டைப் பிரிக்காமல் தேதியை மட்டும் மாதம் ஒரு முறை படித்தால் போதும்.

பேட்டரி சும்மா இருந்தால் சுமார் 4, 5 வருடம் வரும். ஆனால் மூடியைத் திறந்தாலே ஆன் ஆகும் மாடல்கள் உண்டு. அக்கறையுள்ள ஒருவர் தினமும் திறந்து பார்த்தால், அந்த அக்கறையே பேட்டரியைத் தின்றுவிடும். கண்ணாடி வழியே விளக்கைப் பார்த்தால் போதும். மெஷின் தன்னைத் தானே சோதித்துக்கொள்கிறது.

அப்புறம், வெயில். பெரும்பாலான கருவிகளை 50 டிகிரிக்கு மேல் சூடாகும் இடத்தில் வைக்கக் கூடாது என்பது தயாரிப்பாளர்கள் விதி. தகர ஷீட் போட்ட செக்யூரிட்டி அறைக்குள் சித்திரை மாத மதியம் எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கார் டிக்கியிலும் வைக்காதீர்கள். நிழலான நடைபாதைச் சுவர்தான் சரியான இடம்.

பூட்டுப் பிரச்சினைதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. ஓசூர் பக்கம் ஒரு யூனிட்டில் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். “சாவி சூப்பர்வைசர்கிட்ட இருக்கு சார், அவர் காலையிலதான் வருவார்” என்றார் காவலாளி. அங்கே இரவு ஷிப்டில்தான் ஆட்கள் அதிகம். திருட்டுப் பயம் நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை. அதற்குத் திறந்தால் அலறும் அலாரம் போதும்.

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சீசனில் வேலைக்கு வருபவர்களில் பலர் புதியவர்கள், தமிழ் தெரியாதவர்களும் இருப்பார்கள். மெஷின் பேசிப் பேசித்தான் வழி சொல்கிறது. அது எந்த மொழியில் பேசுகிறது என்று வாங்கும்போதே கேளுங்கள். சில மாடல்களில் மொழியை மாற்றிக்கொள்ளலாம். ஷாக் தேவையில்லாத துடிப்புக்கு மெஷின் ஷாக் கொடுக்க விடாது, அதனால் தைரியமாக ஒட்டலாம் என்பதையும் சீசன் ஆட்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பதிவுக்கு வருவோம். பிரிட்டனில் ‘தி சர்க்யூட்’ என்ற பதிவேட்டில் பெட்டியின் இடத்தைச் சேர்த்துவிட்டால், ஆம்புலன்ஸ் அழைப்பை எடுப்பவருக்கே பக்கத்துப் பெட்டி எங்கே என்று தெரியும். சிங்கப்பூரில் ‘மைரெஸ்பாண்டர்’ செயலி அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களுக்குச் செய்தி அனுப்பி, பெட்டி இருக்கும் இடத்தையும் காட்டுகிறது. அந்த வேலையை நம் அளவில் நாமே தொடங்கலாம். ஒரு சாதாரண நோட்டு எடுங்கள். சீரியல் நம்பர், எந்தக் கட்டடம், எந்த மாடி, எந்தக் கதவுக்கு இடப்பக்கம், எத்தனை மணி வரை திறந்திருக்கும், பேட் தேதி, பேட்டரி போட்ட தேதி ஆகியவற்றை எழுதுங்கள். பொறுப்பாளர் ஒருவர் போதாது, இருவர் பெயர் வேண்டும். ஒருவர் ஊருக்குப் போனால், வேலையை விட்டால் இன்னொருவர் பார்ப்பார். இந்த விவரத்தின் நகல் அந்தப் பகுதி 108 ஊழியர்களிடமும், போலீஸ் ஸ்டேஷனிலும், ஊராட்சி அலுவலகத்திலும், எதிர்க் கடையிலும் இருக்கட்டும். 2021-ல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். வீடு வீடாக பி.பி., சுகர் மாத்திரை கொண்டுபோகும் அந்தப் பெண்களுக்கு ஊரின் சந்து பொந்தெல்லாம் தெரியும். பெட்டி இருக்கும் இடத்தை அவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

இன்னொரு பதிவும் உண்டு, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் பெயரையும் சீரியல் நம்பரையும் தயாரிப்பாளரிடம் பதியுங்கள். ஏதாவது மாடலில் குறை கண்டுபிடித்துத் திரும்பப் பெறும்போது அவர்கள் உங்களைத் தேட ஒரு விலாசம் வேண்டும். கைமாறி வந்த மெஷின் என்றால் இது இன்னும் அவசியம். கருவி வேண்டிய நேரத்தில் வேலை செய்யாவிட்டால், மருத்துவக் கருவிகளின் குறைபாடுகளைக் கண்காணிக்க 2015 முதல் நடக்கும் மெட்டீரியோவிஜிலன்ஸ் என்ற மத்திய அரசுத் திட்டத்துக்குத் தெரிவிக்கலாம். தயாரிப்பாளரிடம் மட்டும் சண்டை போட்டு விட்டுவிடாதீர்கள்.

பெட்டியை ஒரு முறை பயன்படுத்திவிட்டால் அந்த பேட்களை மறுபடி பயன்படுத்த முடியாது. கூடவே வைத்திருந்த கத்தரிக்கோல், ரேஸர், துண்டு எதுவும் அங்கே இருக்காது. மெஷினுக்குள் நோயாளியின் இதயத் துடிப்பு பதிவாகியிருக்கும், சிகிச்சை தரும் மருத்துவர் கேட்டால் அதை எடுத்துக் கொடுக்க வேண்டும். எனவே கையில் எப்போதும் ஒரு ஜோடி உபரி பேட் இருக்கட்டும். அதுவும் இல்லையென்றால், புதிது வரும் வரை பெட்டி மேல் ‘இப்போது இயங்காது’ என்று பெரிதாக எழுதி ஒட்டி, அடுத்த பெட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் அதன் கீழே போடுங்கள்.